நான்கு கையெழுத்தும் ஒரு சந்தனப் பொட்டும்

இந்தக் கைக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறதே.

அமலோற்பவம் பூதக்கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். இசைத்தட்டு அட்டையின் வெள்ளை முதுகில், நீல மையில், ஆங்கிலத்தில் நான்கு கையெழுத்துகள். முதல் மூன்றும் ஆளுக்கொரு திசையில் ஓடின. நான்காவது கையெழுத்து ஒரே இழுப்பில் எழுந்து, சுழன்று, கயிறு அவிழ்ந்த கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல ஒரு நீளக் கோட்டில் முடிந்தது. எந்த இடத்திலும் பேனா நின்று யோசிக்கவில்லை.

பதினோரு வருடமாக அவள் கண்ணாடிக்குக் கீழே வந்ததெல்லாம் வேறு ஜாதிக் கையெழுத்துகள். கிரயம் எழுதிக் கொடுத்தவர்கள், ஒத்திக்கு விட்டவர்கள், படுக்கையில் சாய்ந்தபடி உயில் எழுதியவர்கள். எதையோ கைவிட்டுக்கொண்டே போட்ட கையெழுத்துகள் அவை. கடைசி எழுத்துக்கு வரும்போது தயங்கும். இந்த நான்கு பேரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. வெறும் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு ஒருவன் வீட்டில் வைத்துக்கொள்கிறான். என்ன செய்வான் அதை வைத்து?

அட்டையைக் கொண்டுவந்தவனையே காலையில் கேட்டும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று காலையிலிருந்து அவள் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

தஞ்சாவூர் தெற்கு அலங்கத்தில் இருக்கும் ராஜ் ஸ்டுடியோ அவளுடைய கணவர் குழந்தைராஜ் ஆரம்பித்தது. கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், பள்ளிக்கூடக் கடைசி நாள் படம் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்குக் கோர்ட் வேலை தற்செயலாக வந்தது. வழக்கில் தகராறாகும் கையெழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி நீதிபதி பார்க்கும்படி பிரதி போட்டுத் தரவேண்டும். இருட்டறையில் தட்டுக்குள் கிடக்கும் வெள்ளைத் தாளில் ஒரு 'சு'வோ 'ரா'வோ மெதுவாக மிதந்து வருவதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தக் கண் வாய்த்தது. ஒருநாள் தயங்கித் தயங்கி, "இத எழுதினது அவரு இல்லீங்க" என்று வக்கீல் தியாகராசனிடம் சொன்னாள். மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். தியாகராசன் சிரிக்கவில்லை. அவளைக் கூண்டில் ஏற்றிக் காரணம் சொல்ல வைத்தார். அதிலிருந்து ஜில்லா முழுவதும் அவளுக்கு 'கையெழுத்தம்மா' என்று பெயர்.

அந்தத் தியாகராசன்தான் இன்று காலை வந்திருந்தார். கூடவே ஒரு இளைஞன்: காது மறைக்கும் முடி, கால் பக்கம் மணிபோல விரிந்த பேண்ட், கக்கத்தில் துண்டு சுற்றிய ஒரு பொருள். துண்டுக்குள்ளிருந்த அட்டையைக் கைக்குழந்தையை எடுப்பதுபோல எடுத்து மேஜையில் வைத்தான்.

"மேலப்புலியனூர் துரைராசும்மா. நம்ம கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை" என்றார் தியாகராசன்.

"எந்தக் கட்சி சார்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. படங்களுக்கு மெருகேற்றும் இளையபெருமாள். ஐம்பது வயது, நெகடிவில் பருவை அழிக்கும் பென்சில் எப்போதும் காதில் இருக்கும்.

"கோர்ட்டு கட்சிக்காரருய்யா. மத்தக் கட்சியெல்லாம் இவங்க அப்பா வருஷத்துக்கு ஒண்ணா மாத்திக்குவாரு" என்று சிரித்துவிட்டு வக்கீல் விஷயத்துக்கு வந்தார். "ஜனவரி இருபத்து மூணு, சாயங்காலம். இவங்க களத்துல ஒரு கைகலப்பு. சாமிதுரைன்னு ஒரு ஆளு, ஆறு மா நிலத்தக் குத்தகைக்குப் பாக்குறதா சொல்லி, புதுச் சட்டப்படி பதிவேட்டுல பேர் ஏத்தச் சொல்லி மனு போட்டவன். அறுத்த நெல்ல அடிக்க விடலைன்னு தகராறு. அதுல அவன் வலது கை ஒடைஞ்சு போச்சு. கடப்பாரையால அடிச்சது துரைராசுன்னு போலீஸ்ல சொல்லிட்டான். ஆனா அன்னிக்கு இவன் ஊர்லயே இல்ல. மெட்ராஸ்ல கச்சேரி கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

"கச்சேரி இல்ல சார், ஷோ" என்றான் துரைராசு.

"சரிப்பா, ஷோ. இங்கிலாந்துக்காரனுங்க நாலு பேரு. ஷோ முடிஞ்சு இவன் மேடைக்குப் பின்னாடி போயிக் கையெழுத்து வாங்கியிருக்கான். பேரும் ஊரும் தேதியும் போட்டுக் குடுத்திருக்காங்க. கூட இருந்த சிநேகிதன் சாட்சி சொல்லுவான். சிநேகிதன் சாட்சிய எவன் நம்புவான்? இந்த அட்டைய நம்பணும். அந்தப் பக்கம் இது போலிக் கையெழுத்துங்குறாங்க."

அமலோற்பவம் அட்டையைத் தொடாமல் பார்த்தாள். கையெழுத்துகளுக்குக் கீழே ஆங்கிலத்தில், 'டு துரை, மெட்ராஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் 23-1-74.

"சாமிதுரையோட ஒடைஞ்ச கைய நான்தான் சார் போட்டோ எடுத்தேன்" என்றாள்.

துரைராசு தலையைத் தூக்கினான்.

"தெரியும்மா. போலீஸ் உங்களத்தான ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டாங்க. அதனாலதான் வந்தேன். அவனுக்கும் படம் எடுத்தவங்க, இவனுக்கும் பாத்துச் சொல்றாங்கன்னா ஜட்ஜுக்கு உங்க மேல சந்தேகமே வராது." தியாகராசன் ஒப்புப் பார்ப்பதற்கான மாதிரியையும் கொண்டுவந்திருந்தார். ஷோ நடந்த மண்டபத்தில் வருகிறவர்கள் கையெழுத்திடும் புத்தகம். அதே நான்கு பேர், அதே ஜனவரி இருபத்து மூன்று.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க தம்பி. இந்தக் கையெழுத்த வாங்கி என்ன பண்ணுவீங்க?" என்று அவள் துரைராசுவைக் கேட்டாள்.

அவன் முகம் திடீரென்று சின்னதாகிவிட்டது. பத்து வயது குறைந்தாற்போல. "ஒண்ணும் பண்ணமாட்டேங்க. சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன். பாட்டுங்குறது காத்துல போயிருது இல்லீங்களா? தட்டுல கேக்குறது ஆயிரம் பேரு கேக்குறதுதான். ஆனா இந்த எடத்துல அந்த ஆளு கை பட்டிருக்கு. இதுல மட்டும்தான்."

"பின்பக்கமா வாங்கியிருக்கீங்களே?"

"முன்பக்கம் இருட்டா இருக்குங்க, மை தெரியாது." அட்டையைத் திருப்பிக் காட்டினான். கறுப்புப் பின்னணியில் ஒரு மண்டையோடு. அதன் கண்குழிகளில் இரண்டு செம்பு நிற ஆந்தைகள். "தி காப்பர் அவுல்ஸ். அதான் குரூப் பேரு. எங்கம்மாவுக்கு இதக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா மண்டையோட்டப் பாக்க வெக்கிறியாடான்னு கவுத்து வெச்சிருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அமலோற்பவத்துக்கு அவனைப் பிடித்துப்போனது. அதுதான் சங்கடம்.

அவர்கள் போனபின் கண்ணாடியும் அவளுமாக உட்கார்ந்தார்கள்.

போலிக் கை எப்படிப் போகும் என்று அவளுக்குப் புத்தகம் சொல்லவில்லை. குழந்தைராஜ் வாதத்தில் விழுந்து மூன்று வருடம் படுத்திருந்தார். படங்களையெல்லாம் அவள்தான் எடுத்தாள். ஆனால் பொம்பளை எடுத்த படம் என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பட அட்டையின் வலது மூலையிலும் அவர் போடுகிற 'ராஜ்' கையெழுத்தை அவள் போட்டாள். மூன்று வருடமும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட்டாள். 'ஜ்'ஜின் புள்ளிக்கு வந்தபிறகுதான் மூச்சு வெளியே வரும். போலியான கோடு அப்படித்தான்: நீருக்கடியில் நடப்பதுபோல, அழகாக, ஒரே கனத்தில், மூச்சில்லாமல் போகும். தன்னுடைய பாவத்திலிருந்துதான் அவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள் என்பதைக் கோர்ட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

இந்த நான்கு கையெழுத்திலும் மூச்சு இருந்தது. மண்டபத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். அளவு வேறு, சாய்வு கொஞ்சம் வேறு, அப்படித்தான் இருக்கவேண்டும். உண்மையான கை ஒரே மாதிரி இரண்டு தடவை எழுதாது. ஆனால் பழக்கங்கள் அதே. மூன்றாவது ஆள் புள்ளி வைக்க மறக்கிறான், இங்கேயும் மறந்திருக்கிறான். நான்காவது ஆள் இடது கைக்காரன். குறுக்குக் கோட்டை வலமிருந்து இடமாக இழுக்கிறான், இங்கேயும் அப்படியே. போலி போடுகிறவன் வடிவத்தைப் பார்ப்பான், திசையைப் பார்க்கமாட்டான்.

உண்மைதான். அவளுக்கு ஒரு குதூகலம் உண்டாயிற்று. பக்கத்து ஊர் மிராசுதாரின் கையெழுத்தை உண்மை என்று கண்டுபிடிப்பது வேறு. கடல் தாண்டியிருக்கிற, முகம் தெரியாத ஒருவனின் கையை அடையாளம் கண்டுகொள்வது வேறு. அவன் எப்படிப் பாடுவான் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. தட்டு அட்டைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். ரேடியோ ரிப்பேர் அஹமது கபீர் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். ஒரு நிமிடத்தில் தெருவில் போன சைக்கிள்காரர்கள் இறங்கி எட்டிப் பார்த்தார்கள்.

"என்னக்கா இது? தகரக் கொட்டாய்ல ஆலங்கட்டி மழ பேயிறாப்புல இருக்கு."

"ஆந்தைகளாம் பாய்."

"அதான். பகல்ல கண்ணு தெரியாம முட்டிக்கிட்டுக் கத்துதுவோ."

ஆனால் அவள் கேட்டாள். இரைச்சலுக்கு அடியில் ஒருவன் மேளத்தை அடித்துக்கொண்டே இருந்தான், சற்று முந்திச் சற்று முந்தி, அவசரப்படாமல் அவசரமாக. நான்காவது கையெழுத்து இவன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்லமுடியாது. ஆனால் தோன்றியது. அந்த நீள வாலை இழுத்தது இந்தக் கைதான்.

திரும்பி வந்து அந்த வாலை மறுபடி பார்த்தபோதுதான் கறை கண்ணில் பட்டது.

வால் முடிகிற இடத்தில் அட்டையில் ஒரு வட்டம். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. வெள்ளை அட்டையில் வெளிர் மஞ்சளாக, இருக்கிறதோ இல்லையோ என்பதுபோல. நடுவில் மங்கிப்போன ரோஜா நிறம். யாரோ ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். கோடு வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் மை வெளிறி, வட்டத்தின் விளிம்புவரை நகர்ந்து, ஆற்றுத் தண்ணீர் வடிந்தபின் கரையில் நிற்கும் நுரைக்கோடுபோல ஒரு நீல விளிம்பாகத் தங்கியிருந்தது.

'மெட்ராஸ்' என்று எழுதியிருந்த சொல்லின் முதல் எழுத்தும் அதே வட்டத்துக்குள்தான் தொடங்கியது. ஆனால் அது வெளிறவில்லை. மை அடர்ந்தே இருந்தது. ஓரங்களில் மட்டும் கம்பளிப்பூச்சிபோல மெல்லிய மயிர்கள்.

இந்த வட்டத்தை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே?

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே படம் பெரிதாக்கும் கருவி நின்றது. அதன் மரப்பலகையில் வரிசையாக ஆறேழு வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியபடி. வருடத்துக்கு ஒன்று.

"பெருமாளண்ணே, இங்க வாங்க."

இளையபெருமாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். சரஸ்வதி பூஜை அன்று ஸ்டுடியோவில் இருக்கும் கேமரா, விளக்கு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவர் அவர்தான். மாதா படம் மாட்டிய கடையில் இதெல்லாம் எதற்கு என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டதற்கு, "சாமி, கேமராவுக்கு ஏதுங்க மதம்? அது பாட்டுக்கு எல்லாரையும் தலைகீழாத்தான் பாக்குது" என்றாராம்.

"இது என்ன கறைன்னு சொல்லுங்க."

அவர் அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். "இதுக்குப் பூதக்கண்ணாடி வேறயா? சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்குப் பாட்டுப் பெட்டிக்கு வெச்சிருப்பாங்க, கூடவே தட்டுக்கும் ஒண்ணு. அந்தம்மா மண்டையோட்டுக்கா பொட்டு வெக்கும்? கவுத்துப்போட்டு இந்தப் பக்கம் வெச்சிருக்கும்."

கவிழ்த்து வைத்துவிடுவார்கள் என்று காலையில் அந்தப் பையனே சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் நினைப்பு சாட்சி ஆகாது. இளையபெருமாளைச் சந்தனம் இழைக்கச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்காமல் கல்லை எடுத்தார். வீணான பட அட்டைகள் பன்னிரண்டு எடுத்தார்கள். பேனாவில் நீல மையை ஊற்றி, ஆறு அட்டையில் முதலில் எழுதி, காய்ந்ததும் மேலே பொட்டு வைத்தாள். ஆறு அட்டையில் பொட்டு முதலில். காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்து, அந்த இடத்தில் எழுதினாள். எல்லாவற்றையும் ஜன்னலோரம் பரப்பினார்கள்.

"போட்டோ ஸ்டுடியோவா, பூசைக் கடையான்னு யாராவது கேக்கப்போறாங்க" என்றார் இளையபெருமாள். கடைக்குள் சந்தன மணம் நிறைந்தது.

மறுநாள் முற்பகலில் பன்னிரண்டையும் பார்த்தாள். முதலில் எழுதிய ஆறிலும் மை ஈரச் சந்தனத்தில் கரைந்து வட்டத்தின் கரைக்குப் போய் நீல விளிம்பு கட்டியிருந்தது. பிறகு எழுதிய ஆறிலும் மை அடர்த்தியாக, துடைத்துத் தோல் போன அட்டையில் மயிர் விட்டிருந்தது. ஒன்றுகூட மாறவில்லை.

ஆகவே முதலில் நான்கு கையெழுத்து. பிறகு பொட்டு. பொட்டு காய்ந்து, துடைத்த பிறகு பெயரும் ஊரும் தேதியும். ஒரே ராத்திரியில், ஒரே நிமிடத்தில், ஒரே ஆட்கள் எழுதியது என்பதற்கு நடுவில் ஒரு தாயார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றிருக்கிறாள். ஆயுத பூஜை போன அக்டோபரோடு போயிற்று; கையெழுத்து அதற்கும் முன்பே எங்கேயோ போட்டது. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். தேதி மட்டும் வழக்குக்குப் பிறகு பிறந்தது. அந்தத் தேதியில், அந்த எழுத்தில், மூச்சு இல்லை. நீருக்கடியில் நடந்திருந்தது.

அவள் வட்டத்தை மட்டும் பெரிதாகப் படம் எடுத்தாள். இருட்டறைக்குள் போய்க் கழுவினாள். நெகடிவ் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொரு விஷயம் தோன்றி அவளை நிற்கவைத்தது.

அந்த ஷோ நடந்தது உண்மை. அவன் உயிராக நினைக்கிற நான்கு பேர் இந்தத் தேசத்துக்கு ஒரே ஒருநாள் வந்தார்கள். அந்தச் சாயங்காலம் அவன் மேலப்புலியனூர் களத்தில் கடப்பாரையோடு நின்றான். அப்பா வரச்சொல்லியிருப்பார். டிக்கெட்டைக்கூட எடுத்து வைத்திருந்திருப்பானோ? 'நான் அங்கேதான் இருந்தேன்' என்று அவன் எழுதியது போலீஸுக்காக மட்டும்தானா? அந்த வரியை எழுதும்போது ஒரு கணமாவது அவன் அதை நம்பியிருப்பான். அவனை வெறுக்க அவள் முயன்று பார்த்தாள். முழுதாக வரவில்லை.

வராவிட்டால் என்ன. சாமிதுரையின் கை இருந்தது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் அந்தக் கையை அவள் பலகைமேல் வைத்துப் படம் எடுத்திருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே எலும்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவன் மனைவி செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்ததும் சாமிதுரை கேட்டான்: "மொகமும் விழுமாங்கம்மா இதுல?"

"போலீஸுக்குக் கை மட்டும் போதும்னாங்க."

"ஓ" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மனு குடுத்தப்ப தாசில்தார் ஆபீஸ்ல, நீதான் சாமிதுரைங்கிறதுக்கு என்னய்யா அத்தாட்சின்னு கேட்டாங்க. இந்தக் கைதான் இருந்துச்சு, பெருவெரல வெச்சேன். இனி அதுக்கும் வழியில்ல" என்று சிரித்தான்.

"வாய மூடிக்கிட்டு கெடயேன்" என்றாள் செவ்வந்தி. "எப்பப் பாத்தாலும் நக்கலு."

அமலோற்பவம் அவன் முகத்தையும் எடுத்தாள். போலீஸ்காரர் பிலிம் வீண் என்று முணுமுணுத்தார். அந்தப் படத்தைப் பிரதி போட்டுத் தருவதாகச் செவ்வந்தியிடம் சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது. இன்று போட்டு, அட்டையில் ஒட்டிக் காயவைத்திருந்தாள்.

தியாகராசன் சாயங்காலம் கோர்ட் முடிந்து கறுப்புக் கோட்டோடு வந்தார். துரைராசு வரவில்லை. டைப் அடித்த ஒரு தாளை மேஜையில் வைத்துத் தன் பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். 'மேற்படி அட்டையில் உள்ள நான்கு கையெழுத்துகளும், ஒப்பு மாதிரியில் கையெழுத்திட்ட அதே நபர்களால் இடப்பட்டவை என்பது என் அபிப்பிராயம்.'

"சரிதானம்மா?"

"கையெழுத்து அவங்களுதுதான் சார்."

"எனக்குத் தெரியும். போலின்னா பையன் அப்படிப் பாதுகாக்கமாட்டான்." அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா தேதி வேற சார்." அவள் பன்னிரண்டு அட்டைகளையும் வரிசையாக வைத்தாள். பெரிதாக்கிய படத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். நீலக் கரையைக் காட்டினாள், மயிர்விட்ட எழுத்தைக் காட்டினாள், பொட்டைச் சொன்னாள். நடுவில் அவர் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருக்கு இது தெரியாது என்று அவளுக்குப் பட்டது. அது ஆறுதலாக இருந்தது.

"பையனோட அம்மா அமிர்தம் ரொம்ப நல்ல மனுஷி" என்றார் கடைசியில். "புள்ளைக்குப் படிப்பு வரணும்னு பாட்டுப் பெட்டிக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்காங்க."

"ஆமா சார்."

அடுத்த கடையில் கபீர் ஏதோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். செய்தி பாதி, கரகரப்பு பாதி.

"நல்லா இருக்கும்மா உங்க வேல. நெஜமாவே சொல்றேன். ஆனா தேதியப் பத்தி நான் கேக்கலியே. தாள்ல தேதின்னு ஒரு வார்த்த இருக்கா பாருங்க. கையெழுத்து உண்மையா பொய்யா, அவ்வளவுதான் கேள்வி. அது உண்மைன்னு நீங்களே சொல்றீங்க."

"உண்மைதான் சார்."

"அப்புறம் என்ன? பொய் எழுதச் சொல்லலியே நான். நீங்க எழுதப்போறதுல ஒரு எழுத்து பொய்யில்ல."

அதுதான் அவளுக்கும் புதிராக இருந்தது. தாளை மறுபடி படித்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதினோரு வருடமாகப் பொய்யைத்தான் தேடினாள். அது மெதுவாகப் போகும், மூச்சு விடாது, கண்ணில் படும். உண்மையைக்கொண்டு ஒரு பொய்யைப் போர்த்துவிட முடியும் என்பது இவ்வளவு அருகில் இருந்தும் தெரியாமல் போயிற்று. 'ராஜ்' என்று மூன்று வருடம் போட்டதில் கையெழுத்து பொய், படம் உண்மை. இதில் கையெழுத்து உண்மை. எது கனமாக இருக்கிறது? கையில் எடுத்துப் பார்த்துச் சொல்கிற விஷயமா இது? ஆனால் அவள் கை ஏற்கெனவே மடியில் இருந்தது; மேஜைக்கு வரவில்லை. பேனா அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"மொத மொத உங்களக் கூண்டுல ஏத்துனப்ப எல்லாரும் சிரிச்சாங்க. ஞாபகம் இருக்கா?" என்றார் தியாகராசன். குரலில் மிரட்டல் இல்லை. உண்மையான பாசம் இருந்தது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"மறக்க முடியுமா சார்?"

"நான் ஒங்கிட்ட எதுவும் கேட்டதில்லம்மா இதுவரைக்கும்." முதல் தடவையாக அவளை ஒருமையில் அழைத்தார்.

அவள் பேனாவை எடுத்தாள். அவர் முகம் தெளிந்தது. பேனாவின் மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடினாள். தாளை எடுத்துக் குப்புறத் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்து, இரண்டையும் மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். இசைத்தட்டு அட்டையையும் அதன் துண்டில் பழையபடி சுற்றி வைத்தாள்.

"தம்பியப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க சார். நல்ல கையெழுத்து. போலியில்லன்னு அவருகிட்ட வேணும்னா வாயால சொல்லிக்கிறேன்."

தியாகராசன் தாளைப் பார்க்கவில்லை. மேஜையின் மறுமுனையில் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்தார்: தலையணையில் சாய்ந்து, கன்னம் ஒட்டி, கேமராவைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கும் ஒரு முகம். யார் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி. எழுத வேணாம். உங்க இஷ்டம். அந்தப் பொட்டப் படம் எடுத்தீங்களே, அந்த நெகடிவ மட்டும் குடுத்துருங்க. பொருள் எங்களுது, படமும் எங்களுக்குத்தான."

வாசலில் நிழல் தட்டியது. செவ்வந்தி நின்றிருந்தாள், கையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே வக்கீல் இருப்பதைப் பார்த்து வெளியே ஒதுங்கினாள்.

"வாம்மா, உக்காரு, காஞ்சுருச்சு" என்றாள் அமலோற்பவம். பிறகு தியாகராசனிடம் திரும்பி, வந்தவர்கள் எல்லாரிடமும் இத்தனை வருடமாகச் சொல்லி வருவதைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"படம் வேணும்னா எத்தன பிரதி வேணாலும் போட்டுத் தர்றேன் சார். நெகடிவ் கடையிலதான் இருக்கும்."